முகத்தில் அடிபட்டால் எடுக்கும் 3டி ஸ்கேன்: குமரி மாவட்ட நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் முகத்தாடை அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் நான். முகம் உடைந்து என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்தவர்கள், வள்ளத்தில் கயிறு அறுந்து முகத்தில் அடி வாங்கியவர்கள், விடியும் முன் பால்வெட்டப் போய் ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கியவர்கள் என்று மற்றவர்களும் உண்டு. ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு பெரிய கவரோடு வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். கூட வந்தவர்கள் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தால், கண் வெளியே தள்ளிக்கொண்டு கல்லுப்போல இறுகி வலித்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டி நரம்பை நெரிக்கலாம். அந்த நிலையில் ஸ்கேன் எடுக்கும் முன்பே மருத்துவர் அழுத்தத்தைக் குறைக்க வேண்டிவரும். மூச்சுவிடச் சிரமம், வாயில் நிற்காத ரத்தம், நினைவு தப்புதல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிவாக ஏதாவது ஒழுகினால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தாமல் வாருங்கள்.

தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்தால், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பணம் புரட்டிவிட்டு வரலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எக்ஸ்ரே எடுத்தாச்சே, பிறகு எதற்கு சி.டி. ஸ்கேன்?

முகத்தில் 14 எலும்புகள். பல எலும்புகள் மெல்லியவை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நிற்பவை. எக்ஸ்ரேயில் அத்தனையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். கன்ன எலும்பின் விரிசலைத் தேடினால் பின்மண்டையின் நிழல் வந்து மறைக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சி.டி. ஸ்கேனை உருவாக்கினார். 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை அதில் எடுத்தார்கள். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

3டி என்றால் தனியாக இன்னொரு ஸ்கேனா?

இல்லை. ஒரே ஸ்கேன்தான். நீங்கள் மேசையில் படுத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் இயந்திரம் உங்கள் முகத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய அடுக்குகளாகப் படம் பிடிக்கிறது. ஏத்தங்காயைச் சிப்ஸுக்குச் சீவிவிட்டு, சீவிய வட்டங்களை வரிசை மாறாமல் திரும்ப அடுக்கினால் காயின் உருவம் வந்துவிடும் அல்லவா, கணினி செய்வதும் அதுதான். அதனால் 3டி படத்துக்காக மறுபடி படுக்க வேண்டியதில்லை, கூடுதல் கதிர்வீச்சும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடுக்கு தடிமனாக இருந்தால் 3டி படம் படிக்கட்டு படிக்கட்டாக வரும், விரிசல் தெரியாது. எனவே சீட்டில் 'முகம், மெல்லிய அடுக்கு, 3டி' என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தால் பல நேரம் கீழ்த்தாடை படத்துக்குள்ளேயே வராது. பிறகு இன்னொரு முறை அலைய வேண்டிவரும்.

கதிர்வீச்சு ஆபத்து இல்லையா? எங்கள் கடற்கரை மண்ணிலேயே அது அதிகம் என்கிறார்களே?

மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. அங்கே மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். இயற்கைக் கதிர்வீச்சில் உலகச் சராசரி ஓராண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். நம் கடலோரத்தில் சில இடங்களில் அது பல மடங்கு. ஒரு தலை ஸ்கேனில் கிடைப்பது ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். முகத்துக்கு மட்டும் எடுத்தால் பொதுவாக அதற்கும் குறைவு. அதாவது, உலகில் சாதாரணமாக ஒருவர் ஓராண்டில் வாங்குவதை ஒரே தடவையில் வாங்குகிறீர்கள்.

எலும்பு உடைந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுவாக இருக்கும்போது இது ஏற்கத்தக்க அளவு. ஆனால் 'சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று எடுப்பது சரியில்லை. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கர்ப்பமாக இருந்தால், அப்படி ஒரு சந்தேகம் இருந்தால்கூட, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படத்தில் கண்ணே இல்லையே?

இருக்கிறது. கணினி தோல், சதை, கண் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு எலும்பை மட்டும் காட்டுகிறது. மண்டையோட்டைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்று இருக்கும், அது இயல்புதான். படத்தின் மஞ்சளோ பழுப்போ கணினி பூசியது. சிவப்பாக இருக்கும் இடத்தில் ரத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டாக்டரே, கண்ணுக்குக் கீழே ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிறதே, அதெல்லாம் உடைந்ததா?

அதிகம் பேரைப் பயமுறுத்துவது இந்த ஓட்டைகள்தான். திருவட்டாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மகனுடைய படத்தைத் திரையில் பார்த்ததும் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிட்டார். "இது ஒண்ணு, இது ரெண்டு, தாடையில ஒண்ணு கெடக்கு பாருங்க டாக்டரே, இவ்வளவும் ஒடஞ்சா பிள்ளை எப்படிப் பொழைப்பான்?" அவர் எண்ணியவற்றில் உண்மையான உடைசல் ஒன்றே ஒன்று.

அந்த ஓட்டைகள் மூன்று வகை. முதல் வகை எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பவை. கண்குழியின் கீழ்விளிம்புக்குச் சற்றுக் கீழே பக்கத்துக்கு ஒன்று, கீழ்த்தாடையில் கடைவாய்க்கு முந்திய பற்களுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்று. கன்னத்துக்கும் உதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்புகள் அவற்றின் வழியாகத்தான் வெளியே வருகின்றன. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஓரம் வழவழப்பாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வகை பொய் ஓட்டை. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்கு 0, எலும்புக்குச் சில நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேல். 'இந்த எண்ணுக்கு மேல் இருப்பதை மட்டும் காட்டு' என்று கணினிக்கு ஒரு வரம்பு வைக்கிறோம். கண்குழியின் தரையும் உட்சுவரும் மிகவும் மெல்லிய எலும்பு. பக்கத்திலிருக்கும் காற்றோடும் சதையோடும் கலந்து அவற்றின் எண் இறங்கிவிடும், வரம்பைத் தாண்டாது. கணினி அந்த இடத்தை விட்டுவிடும். உடையாத எலும்பு ஓட்டையாகத் தெரிவது இப்படித்தான்.

மூன்றாவது வகைதான் உண்மையான உடைசல். அதன் ஓரம் கூராக இருக்கும், பக்கத்தில் துண்டு விலகிக் கிடக்கும், எதிர்ப்பக்கத்தில் அதே இடம் நன்றாக இருக்கும். இரண்டாவதா மூன்றாவதா என்று 3டி படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அடுக்குப் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த அம்மாவுக்கும் அடுக்குப் படத்தில் மகனின் இரண்டு கண்குழிகளையும் அருகருகே காட்டினேன். "அப்ப இந்த ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் விவரமாகக் கேட்டார்.

அப்படியானால் 3டி படத்தை நம்பக் கூடாதா?

நம்பலாம், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு. எலும்பு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அடுக்குப் படங்களைப் புரட்டி மனதுக்குள் உருவத்தைக் கூட்டிப் பார்க்க எங்களுக்கே பல வருடப் பழக்கம் தேவைப்பட்டது. நோயாளியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் தலைமுடி போன்ற விரிசலை 3டி மழுப்பிவிடும். கண்குழித் தரையைச் சரியாகக் காட்டாது. கண்ணை அசைக்கும் தசை உடைசலில் சிக்கியிருந்தால், எலும்பை மட்டும் காட்டும் படத்தில் அது தெரியவே தெரியாது. பல்லில் உலோகத் தொப்பி இருந்தால் சுற்றிலும் கீற்றுக்கீற்றாக ஒளி சிதறும். ஸ்கேன் நடக்கும்போது எச்சில் விழுங்கினாலோ தலையை அசைத்தாலோ தாடை இரட்டையாக விழுந்து, உடையாத இடம் உடைந்ததுபோல் தோன்றும்.

முடிவு எடுப்பது அடுக்குப் படத்தை வைத்து. அந்த முடிவு உங்களுக்கு விளங்க 3டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி கேளுங்கள்.

மருத்துவர் படத்தைக் காட்டும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. பல பேர் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே போய், வராந்தாவில் நிற்கிற நர்ஸிடம் "என்னவாம்?" என்று கேட்கிறார்கள். படம் கண்ணில் பட்டது, விஷயம் மனதில் ஏறவில்லை. படத்தை உங்கள் உடம்போடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏறும். 'எனக்கு இந்தத் தொந்தரவு இருக்கிறது, அதற்குக் காரணம் படத்தில் எங்கே?' என்று கேளுங்கள்.

கன்ன எலும்பு உடைந்தவருக்கு மேலுதடும் மூக்கின் ஓரமும் மரத்துப்போயிருக்கும். நான் சொன்ன அந்த நரம்பு ஓட்டையை விரிசல் எப்படிக் கடக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கன்னம் உள்ளே அமுங்கியது முன்பக்கப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. படத்தைத் திருப்பி, தாடைக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கன்னமும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது யார் பார்த்தாலும் புரியும். வாய் திறக்க முடியாமல் தடுப்பது எது என்பதும் பல நேரம் அதே கோணத்தில் தெரிந்துவிடும். காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பு வளைவு உள்ளே மடங்கி, தாடை அசையும் பாதையில் நிற்கும்.

கீழ்த்தாடை உடைந்தவருக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்புபோலச் சேராது. எந்தத் துண்டு இறங்கியதால் பல் சேரவில்லை என்று கேளுங்கள். தாடை வளைந்த எலும்பு. ஒரு இடத்தில் அடித்தால் பல நேரம் இரண்டு இடத்தில் உடையும். மோவாயில் நான்கு தையல் போட்டுக்கொண்டு வருகிறவருக்குக் காதுக்கு முன்னால் தாடை மூட்டின் கழுத்து முறிந்திருப்பது சகஜம். "அடி இங்கேதானே பட்டது, அங்கே எப்படி உடையும்?" என்று நம்ப மறுப்பார்கள். படத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினால் நம்புவார்கள். பாதித் தலைக்கு மட்டும் வரும் ஹெல்மெட் போடுகிறவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மோவாயையும் மூடும் ஹெல்மெட்டை வாங்குங்கள்.

இரட்டைப் பார்வை இருந்தால் 3டி படத்தோடு நிறுத்தாதீர்கள். நேர்முகமாக வெட்டிய அடுக்குப் படத்தில் கண்தசை எங்கே இருக்கிறது, நல்ல கண்ணில் எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆபரேஷன் செய்தால் எது சரியாகும், எது சரியாகாமல் போகலாம், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் புரிந்துகொண்டதை மருத்துவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் அவர் திருத்துவார். இதற்குத் தயங்கவே வேண்டாம். கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

ரிப்போர்ட்டில் 'லீ ஃபோர்ட் 2' என்று இருக்கிறது. ஏதாவது ஸ்டேஜா?

புற்றுநோய்க்குச் சொல்வதுபோல ஸ்டேஜ் இல்லை. ரெனே லீ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1901-இல், நடுமுகம் எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று இறந்தவர்களின் தலைகளில் ஆராய்ந்து மூன்று வகையாகப் பிரித்தார். 1 என்றால் மேல்தாடை பற்களோடு தனியாக வந்துவிட்டது. 2 என்றால் மூக்கும் சேர்ந்து வந்துவிட்டது. 3 என்றால் கன்ன எலும்போடு முழு நடுமுகமும் மண்டையிலிருந்து பிரிந்துவிட்டது. மற்றபடி 'அன்டிஸ்ப்ளேஸ்டு' என்றால் உடைந்தும் இடம் விலகவில்லை, 'டிஸ்ப்ளேஸ்டு' என்றால் விலகிவிட்டது, 'கம்மினியூட்டட்' என்றால் பல துண்டாகிவிட்டது.

படத்தில் நாலைந்து கோடு தெரிகிறது, ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரே கோடு, அவருக்கு ஆபரேஷன். ஏன்?

கோடுகளை எண்ணி யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. பல் சேருகிறதா, வாய் திறக்கிறதா, கண் எல்லாப் பக்கமும் அசைகிறதா, முகத்தின் அமைப்பு மாறியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. விலகாத நாலு விரிசல் கஞ்சியும் ஓய்வுமாகவே கூடிவிடலாம். பல் சேராமல் செய்யும் ஒரே ஒரு விரிசலுக்கு டைட்டானியம் பிளேட் வைக்க வேண்டிவரலாம்.

வீக்கத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. கன்னம் அமுங்கியிருந்தாலும் வீக்கம் அதை நிரப்பி, முகம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் பள்ளம் தெரியும். அவசரம் இல்லாத உடைசல்களில் நாங்கள் சில நாள் பொறுப்பது இந்த வீக்கத்துக்காகத்தான். அதற்காக மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிவெடுப்பது நல்லது, பிறகு எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கிவிடும்.

எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருக்கலாமா?

தாராளமாக. பார்ப்பது உங்கள் உரிமை, பார்க்காமல் இருப்பதும் உரிமைதான். காட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது எங்கள் கடமை. தோலோடு சேர்த்து உருவாக்கும் 3டி படம் இன்னும் கலங்கடிக்கும், ஏனென்றால் அது உங்கள் முகமாகவே இருக்கும், காயத்தோடு. அதை அடிபட்ட அன்றே காட்ட நான் விரும்புவதில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம், அல்லது நீங்கள் நம்புகிற ஒருவர் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லலாம். ஆனால் நோயாளி தெளிவாக இருக்கும்போது அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மாமனும் சித்தப்பனும் மட்டும் உள்ளே வந்து படம் பார்த்து முடிவெடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

பிளாஸ்டிக்கில் தாடை செய்து காட்டுகிறார்களே, அது எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. ஸ்கேன் தகவலை 3டி பிரிண்டரில் கொடுத்து அச்சு அசலாக எலும்பின் மாதிரியை எடுக்கலாம். பல துண்டாக உடைந்த தாடைக்கும், எலும்பே இல்லாமல் போன இடத்துக்கும் அது பெரிய உதவி. பிளேட்டை அதன்மேல் வைத்து முன்கூட்டியே வளைத்துக்கொள்ளலாம், மயக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். நல்ல பக்கத்தைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, உடைந்த பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றும் பார்க்கலாம். பார்வை குறைந்த முதியவர்களுக்கு மாதிரியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னால் சட்டென்று புரிந்துவிடுகிறது. சாதாரண உடைசலுக்கு இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

பல் கிளினிக்கில் நின்றுகொண்டே எடுக்கும் 3டி ஸ்கேன் போதாதா?

அது கோன் பீம் சி.டி. பல்லுக்கும் தாடைக்கும் நல்லது, கதிர்வீச்சும் பொதுவாகக் குறைவு. ஆனால் சதை, கண், மூளை அதில் தெளிவாகத் தெரியாது. பெரிய அடிக்கு அது போதாது.

மூக்கு மட்டும் உடைந்ததற்கும் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், கையால் தொட்டுப் பார்த்தாலே போதும். ஆனால் மூக்கின் நடுத்தண்டில் ரத்தம் கட்டி மூக்கு இரண்டு பக்கமும் அடைத்தால் அன்றே வந்து அந்த ரத்தக்கட்டை எடுத்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு என்ன வித்தியாசம்?

குழந்தையின் எலும்பு வளையும். கண்குழித் தரை வளைந்து திறந்து, அதே வேகத்தில் மூடிக்கொண்டு தசையைக் கவ்விப் பிடித்துவிடும். வெளியே ரத்தக்கட்டு அதிகம் இருக்காது, கண் வெள்ளையாகவே இருக்கும். 3டி படத்திலும் எலும்பு கிட்டத்தட்ட உடையாததுபோலவே தெரியும். ஆனால் பிள்ளை மேலே பார்க்க மறுக்கும், பார்த்தால் வலியில் வாந்தி எடுக்கும். விழுந்த பிள்ளை வாந்தி எடுத்தால் தலைக்குள் அடி என்று மட்டும் நினைத்து, கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு. இது சீக்கிரமாக ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை.

மோவாயில் அடிபட்ட குழந்தைக்குக் காதுக்கு முன்னால் வலித்தால் அதையும் லேசாக விடாதீர்கள். அங்கேதான் தாடை மூட்டு இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் போகலாம், தாடை ஒருபக்கம் வளராமலும் போகலாம்.

போலீஸ் கேஸுக்கும் இழப்பீட்டுக்கும் இந்தப் படம் உதவுமா?

உதவும், தனியாக அல்ல. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு, ஸ்கேன் ரிப்போர்ட், காயச் சான்றிதழ் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ஒருவர் அடித்து எலும்போ பல்லோ உடைந்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் அது கொடுங்காயம். ஆகவே ரிப்போர்ட்டில் எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்பது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வலது இடது மாறியிருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டரிடமும் காட்ட நினைக்கிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?

அதில் எனக்கு வருத்தமே இல்லை, எந்த மருத்துவருக்கும் இருக்கக் கூடாது. ஃபிலிம் மட்டும் கொண்டுபோனால் பயன் குறைவு, அதைத் திருப்பிப் பார்க்க முடியாது. ஸ்கேன் சென்டரில் டிஸ்க்கோ பென் டிரைவோ கேட்டு, மெல்லிய அடுக்குகள் முழுவதும் அதில் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் பழைய ஸ்கேனை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் அந்த வாரமே வாங்கிவிடுங்கள். அடிபடுவதற்கு முன் எடுத்த சிரித்த முகப் போட்டோ ஒன்றும் கொண்டுபோங்கள். பழைய முகம் எப்படி இருந்தது, பல் எப்படிச் சேர்ந்திருந்தது என்று பார்க்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

மருத்துவருக்கு என்றால் அனுப்புங்கள். ஆனால் திரையை போனில் எடுத்த படத்தை வைத்து யாரும் ஆபரேஷன் முடிவு சொல்ல முடியாது. குடும்ப குரூப்பிலும் ஊர் குரூப்பிலும் போட வேண்டாம். தோலோடு இருக்கும் 3டி படத்தில் பெயரை மறைத்தாலும் ஆளை அடையாளம் தெரிந்துவிடும். இன்னொருவருடைய படமாக இருந்தால், அது மகனுடையதாகவே இருந்தாலும், அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.